பத்தாவது பிழை

இயந்திரம் தந்த கால்பந்து வர்ணனையில் பிழையே இல்லாததால் ரசிகர்களுக்குச் சலித்துவிட்டது. எனவே ஆட்டத்துக்குப் பத்துப் பிழை செய்ய, வர்ணனையாளர் அருளப்பனை டிவி நிலையம் வேலைக்கு வைத்தது. ரசிகர்கள் போன் செய்து திட்டினால்தான் அது பிழை.

அன்றைய ஆட்டத்தில் ஒன்பது முடிந்தது. கடைசி நிமிடத்தில் வேறெதுவும் தோன்றாமல், "இன்று பிறந்தநாள் காணும் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வாழ்த்துகள்!" என்றார்.

வீட்டில் மனைவி செலின் கதவைத் திறக்கவில்லை.

"யாருங்க அந்த ஸ்டெல்லா?"

"வேலைக்காகச் சும்மா சொன்ன பேரும்மா!"

அப்போது அருளப்பனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் நிலைய மேலாளர் பேசினார். "சார், யாருமே திட்டல. ஸ்டெல்லா மேடத்துக்கு வாழ்த்துதான் குவியுது. ஒரு தப்பு குறையுது, இனிமே வராதீங்க."

கதவு படாரென்று திறந்தது. செலின் போனைப் பிடுங்கினாள்.

"புகார் எழுதிக்குங்க. இந்தாளு பொண்டாட்டி பேரு செலின். இன்னைக்குப் பொறந்தநாளும் இல்ல!"

"அப்போ மொத்தம் பதினொரு தப்பு மேடம். சாரை நாளைக்கே வரச் சொல்லுங்க."