அஞ்சலி மேல் ஒட்டியது

கண்ணாடி போடாமல் போஸ்டர் ஒட்டியது என் தப்புதான்.

விடியும் முன். பஸ் ஸ்டாண்டுச் சுவர். தடவிப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. பனி என்று நினைத்தேன்.

வெளிச்சம் வந்தபோது தெரிந்தது. என் 'போர் வேண்டாம்', ஹவில்தார் வன்னியராஜின் கண்ணீர் அஞ்சலி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மேலே அவருடைய தொப்பி மட்டும். முகம் முழுக்க அடியில். என் போஸ்டரின் கடைசி வரியில் பத்திரிகை ஆசிரியர் என்று என் பெயர். அதற்கு நேர் கீழே அவருடைய தோற்றம், மறைவு தேதிகள்.

பார்க்கிறவர்களுக்கு நான்தான் செத்துப்போயிருந்தேன்.

கூட்டம் அதை உண்மையாக்கத் தயாரானது.

எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்தே ஊருக்கு என் மேல் கோபம். டீக்கடையில் எனக்கு மட்டும் பால் தீர்ந்துவிடும். இன்றோ, மத்தியானம் வன்னியராஜின் உடல் இந்தச் சுவரைத் தாண்டித்தான் வருகிறது.

"ஏல, எவன் சொல்லி ஒட்டுன?"

முதல் அறை.

"இதுல என்ன தப்பா எழுதியிருக்கேன், சொல்லுங்க."

இரண்டாவது அறை.

என் பசை வாளியை என் தலையிலேயே கவிழ்த்தார்கள். மாடு தின்னாமலிருக்க மயில்துத்தம் கலந்து நானே காய்ச்சிய மைதாப் பசை. கண் எரிந்தது. சரக்கில் குறையில்லை.

வந்து சேர்ந்த போலீஸ்காரரிடமும் அதையே கேட்டேன்.

"அதெல்லாம் ஸ்டேஷன்ல பேசிக்கிடலாம். வாரும்வே."

பின்னாலிருந்து ஒரு குரல்: "வன்னியராஜ் சம்சாரம் வருது. வழி விடுங்கல."

கூட்டம் விலகியது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து என் போஸ்டரை உரிக்கத் தொடங்கினாள். அவசரமில்லாமல். அடியில் இருப்பது கிழிந்துவிடாமல்.

நெற்றி வந்தது.

ஒரு கண் வந்தது.

மீசையில் பசை. முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

என் போஸ்டர் முழுசாக அவள் கைக்கு வந்தது. கசக்கி எறிவாள் என்று நின்றேன். விரித்துப் பிடித்துப் படித்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

"தப்பா ஏதும் இருக்காம்மா?"

போலீஸ்காரர் என் சட்டையைப் பிடித்தார். அவள் கை உயர்ந்தது. அவர் விட்டுவிட்டார்.

"தப்பில்ல" என்றாள். "போன மாசம் லீவு முடிஞ்சு இங்கனதான் அவிய பஸ் ஏறுனாவ. அப்ப ஒட்டியிருக்கணும்."