நடுத் துண்டு

இறந்தவரின் நினைவை உருக்கி, வீட்டாருக்கு மாத்திரையாக்கித் தரும் ஆலையில் பூரணிக்குக் கலவை பார்க்கும் வேலை. இயந்திரம் மருந்தைச் சூடான இழையாகப் பிதுக்கித் தள்ளும். ஆறியதும் தலை, நடு, வால் என்று மூன்று துண்டு வெட்டி, ஒவ்வொன்றாக நாக்கின் கீழ் வைப்பாள். மூன்றிலும் ஆள் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் கலவை சரி.

இன்று தணிகாசலம் என்ற பஸ் கண்டக்டர். மனைவிக்குப் போக வேண்டிய மருந்து. தலைத் துண்டில் எங்கோ தூரத்தில் விசில் கேட்டது. வாலிலும் அதே விசில். நடுத் துண்டு கரைந்தபோது விசில் நின்று, அவள் காதோரம் மூச்சுக் காற்று பட்டது.

"யாரும்மா நீங்க? இது எந்த ஸ்டாப்பு?"

பூரணி திரும்பிப் பார்த்தாள்; பக்கத்தில் யாரும் இல்லை. அதற்குள் ஸ்பீக்கரில் சூப்பர்வைசர் கேட்டார்: "என்ன பூரணி, நல்லா கலந்திருக்கா?"

பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. "நடுவுல கட்டி தட்டியிருக்கு சார்."

"சரி, திரும்ப உருக்கிடலாம்."

இயந்திரம் உறுமத் தொடங்கியது.

"வேணாம்மா," என்றது காதோரக் குரல். "போன தடவையே ரொம்ப சுட்டுது."