எழுதிக் கொடுத்த நோய்

“மூணு வழி இருக்குன்னு சொல்றீங்க டாக்டரம்மா. மூணுலயுமே போய்ச் சேரவும் வழி இருக்கே?”

நோயாளி நாற்காலியில் இருந்தவர், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில்தான் இதைக் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த இளம் மருத்துவர் திருதிருவென்று விழித்தாள்.

மூலையில் இருந்த பேராசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை, நோயாளி மேல். ஏனென்றால் இது ஆஸ்பத்திரி இல்லை, தேர்வு அறை. அந்த ஆளும் நோயாளி இல்லை, நாடக நடிகர். மேடையில் செத்துச் செத்தே பேர் வாங்கியவர். ரத்தநோய் நிபுணர் தேர்வு வந்தால், நோயாளியாக நடிக்கக் கல்லூரி அவரைத்தான் கூப்பிடும்.

“எத்தனை வருஷம்தான் ரத்தசோகையே நடிக்கிறது? போயிட்டுத் திரும்பி வர்ற புத்துநோய் மாதிரி கனமா ஒண்ணு குடுங்க சார், நடிக்க இடம் இருக்கும்” என்று இந்தத் தடவை அவர்தான் கேட்டார். பேராசிரியரும் மெனக்கெட்டு எழுதிக் கொடுத்தார். வேஷம், கடிகார ரிப்பேர்க்காரர். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், ஒருமுறை அடங்கி மறுபடி தலைதூக்கியிருக்கிறது. மருத்துவர் சிகிச்சைகளை விளக்குவார். இவர் தலையாட்டிவிட்டு, “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்” என்று எழுந்திருக்க வேண்டும். வசனமே அவ்வளவுதான். காலையிலிருந்து ஒருவரிடமாவது இந்த மனுஷர் அதைச் சொல்லி எழுந்தாரா? கேள்வியாகக் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு இது கடைசி வாய்ப்பு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவள். இதிலும் தேறாவிட்டால் நிபுணர் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

“மறுபடி சொல்றேன் ஐயா,” என்றாள். “முதல் வழி, தினமும் மாத்திரை. அது வேலை செய்யற வரைக்கும் நிறுத்தக் கூடாது. இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். அடிபட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது.”

“வேலையில நான் அடிக்கடி கீழே விழுவேன். பரவாயில்லையா?”

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன் எங்கே போய் விழுவான்? பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“விழற வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்கணும் ஐயா.”

“அப்புறம் சாப்பாட்டுக்கு?”

அவள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாள். “ரெண்டாவது வழி, வேற மாத்திரை. கூடவே ட்ரிப்ஸ்ல ஏத்தற மருந்து. ரெண்டு வருஷத்துல நிறுத்திடலாம். ஆனா ஆரம்பத்துல கெட்ட அணுக்கள் கூட்டமா சாகும். அந்தக் குப்பை கிட்னியை அடைச்சுடலாம். அதனால டோஸைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ரத்தத்தை அடிக்கடி பார்த்துக்கிட்டே இருப்போம்.”

“சாகும்போதும் சும்மா போகாதா அதுங்க?”

“போகாது ஐயா.”

“மூணாவது?”

“ஸ்டெம் செல் மாற்று. இன்னொருத்தரோட அணுக்களை உங்க உடம்புல ஏத்தறது. நோய் திரும்பவே வராமப் போகக்கூட வாய்ப்பு இருக்கு. ஆனா வந்த அணுக்கள் உங்க உடம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்கலாம். சிகிச்சையே உயிரை எடுத்துடலாம்.”

“வீட்டோட வந்த மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க,” என்றார் நடிகர், சிரிக்காமல். உடனே அடுத்ததைக் கேட்டார். “நீங்க என் இடத்துல இருந்தா எதை எடுத்துப்பீங்க?”

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்கவே கூடாது, முடிவு நோயாளியுடையது என்று வகுப்புக்கு வகுப்பு அவர் அடித்துச் சொல்லியிருந்தார். காலையில் வந்தவர்கள் எல்லாரும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே ஒப்பித்துத் தேறிவிட்டார்கள்.

“முடிவு உங்களோட...” என்று அவளும் ஆரம்பித்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பேனாவை மூடி வைத்தாள்.

“ரெண்டாவதைத்தான் ஐயா. பயமாத்தான் இருக்கும். எனக்கா இருந்தாலும் அப்படித்தான். முதல் டோஸ் அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கங்க, நான் வந்து பார்த்துக்கறேன். ஏதாவது ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடறதுன்னு முழிக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க. இதைத் தனியா சுமந்துக்கிட்டு அலையாதீங்க.”

போச்சுடா என்று பேராசிரியர் நெற்றியைத் தடவிக்கொண்டார். நடிகர் தொண்டையைச் செருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதெல்லாம் கொஞ்சம் ஓவர் என்று பேராசிரியருக்குத் தோன்றியது.

மணி அடித்தது. அப்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. முகம் செத்துப்போய், இருவருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வெளியே போனாள்.

“நல்ல பொண்ணு, வாயால கெட்டுது,” என்றார் பேராசிரியர். அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. “என்ன பண்றது, ஃபெயில்தான் போட்டாகணும். சரி, உங்க பங்குக்கு நீங்களும் சொல்லிடுங்க. இந்த டாக்டர்கிட்ட மறுபடி வருவீங்களா?”

ஒவ்வொருவர் போனதும் நடிகரிடம் இதைக் கேட்க வேண்டும் என்பது தேர்வு விதி. காலையிலிருந்து எல்லாருக்கும் அவர் “மாட்டேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“வருவேன் சார், நாளைக்கே வருவேன். தயவுசெஞ்சு ஃபெயில் மட்டும் போட்டுடாதீங்க,” என்றார் நடிகர். “எனக்கு நிஜமாவே இந்த நோய் திரும்பி வந்து ஒரு மாசமாச்சு, யார்கிட்டப் போறதுன்னுதான் காலையிலேர்ந்து ஒவ்வொருத்தரையா பார்த்துட்டிருந்தேன்.”