எஞ்சினுக்குள் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவள் கணவனுக்குப் படகுதான் பெண்டாட்டி. அவள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்காத கை, அந்த எஞ்சினை மட்டும் மெத்தென்ற துணியால் துடைக்கும். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும்.

இன்று அந்த எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக் பெண் வந்து அளவுக்கம்பியை உருவினாள். எண்ணெய், பால் விட்ட காபி மாதிரி வெளுத்திருந்தது.

"தண்ணி இறங்கியிருக்கு சார்."

"ஐயோ, கடல் தண்ணியா? என் செல்லத்துக்கு என்னம்மா ஆச்சு?"

செல்லமாம்! மனைவி பல்லைக் கடித்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவளை ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டிருப்பானா?

மெக்கானிக் எண்ணெயைக் கிண்ணத்தில் வடித்து, அடியில் தங்கிய தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கரையில் நின்ற மனைவியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், அஞ்சு லிட்டர் எண்ணெய் வாங்கிட்டு வாங்க."

அவன் கடைக்கு ஓடினான்.

"இந்த எஞ்சினைக் குளிர வைக்கிறதே கடல் தண்ணிதான் அக்கா. அது தானா உள்ள இறங்கியிருந்தா உப்புக் கரிக்கணும்" என்றாள் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி. "இது குழாய்த் தண்ணி. அடுத்த தடவை கடல்லயிருந்தே மொண்டு ஊத்துங்க."