வலது கை நகம்

முடி வெட்டி முடித்தும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து வலது கையை மட்டும் நீட்டினார்.

"தம்பி, இந்த நகத்தையும் கொஞ்சம் வெட்டி விடுப்பா."

"என்ன சார், மகாராஜாவா நீங்க? இதைக்கூட நீங்களே வெட்டிக்க மாட்டீங்களா? வீட்டுல சொன்னா வெட்டி விட மாட்டாங்களா?"

"வீட்டுல நான் மட்டும்தான்."

முணுமுணுத்துக்கொண்டே சலூன்காரர் துணியை உருவினார். இடது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"பிளாஸ்டிக் கம்பெனியில போச்சு. வாளி ஒண்ணு அச்சுல மாட்டிக்கிச்சு. மெஷினை நிறுத்தாம எடுத்துடலாம்னு கையை விட்டேன்."

சலூன்காரர் அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நகத்தை நிதானமாக வெட்டினார்.

"அடுத்த மாசம் வாங்கண்ணே."

"அடுத்த வாரம் வரட்டுமா?"

"அதுக்குள்ள நகம் வளராதேண்ணே!"

"வளராதுதான்" என்றார் அவர், கையை எடுக்காமலே.