ஒன்றரைப் பிள்ளை

"டூ" என்றாள்.

ரீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள். அதிகாரியாக நடிப்பதற்காகக் கழுத்தில் இறுக்கிக் கட்டியிருந்த ஸ்கார்ஃபைத் தளர்த்தினாள்.

"இல்லை அன்ரி. வன். உங்கட ஃபைல்ல ஒரு பிள்ளைதான் இருக்கு."

ஸ்காபரோவில், பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே கருவாடு. மேலே குடியுரிமை. கதவை எப்படிச் சாத்தினாலும் ஒன்றின் வாசம் மற்றதில் ஏறிவிடும்.

ரீச்சர் இந்த நாட்டிலேயே பிறந்தவள். சனிக்கிழமை நித்திரையை விட்டுவிட்டு வந்து சும்மா கற்பிக்கிறவள். கெட்ட பிள்ளை இல்லை.

"டூ" என்றவளுக்கு வியாழக்கிழமை குடியுரிமை நேர்முகம். இது ஒத்திகை.

முன்வரிசைத் தவராசா, நெல்லியடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், எத்தனை பிள்ளைகள் என்ற இதே கேள்விக்குச் சற்று முன்தான் "த்ரீ" என்று முழங்கினார். "ஆல் எக்ஸ்பென்சிவ்" என்றும் சேர்த்துக்கொண்டார். கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவளுக்கு அந்தச் சுலபம் வாய்க்கவில்லை.

மகள் இங்கே இருக்கிறாள். அம்மாவைக் கூப்பிட்டவள் அவள்தான்.

மகனைப் போரின் கடைசி நாளில், பாலத்தடியில், அவளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படையினரிடம் ஒப்படைத்தாள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள்.

இன்னும் விசாரிக்கிறார்கள் போலிருக்கிறது.

இங்கே வருவதற்கான படிவத்தில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள். உயிருடன் இருக்கிறார். இறந்துவிட்டார். மகனுடைய பெயருக்கு அவள் இரண்டிலும் பேனா வைக்க மறுத்தாள். நிரப்பிக் கொடுத்த ஆள் அவசரக்காரர். பெயரையே தூக்கிவிட்டார்.

ஒரு நாடு அவன் செத்தான் என்று மரணச் சான்றிதழ் எழுதித் தர ஆள் அனுப்பியது. இன்னொரு நாட்டின் ஃபைலில் அவன் பிறக்கவே இல்லை.

"இப்ப மாத்திச் சொன்னா இழுபடும் அன்ரி. முந்தி ஏன் மறைச்சனீங்கள் எண்டு கேப்பினம். பாஸ்போர்ட் கிடைக்காமலும் போகலாம்."

"நான் மறைக்கேல்லைப் பிள்ளை."

பாஸ்போர்ட் அவளுக்கு ஊர் சுற்ற அல்ல. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரிலுள்ள படைமுகாம் வாசலில் நின்று, என் மகன் எங்கே என்று கேட்பதற்கு. பழைய பாஸ்போர்ட்டோடு கேட்டால் விரட்டுவார்கள். இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு கேட்டால் ஒரு கதிரையாவது போடுவார்கள். சுன்னாகம் சந்தையில் துணி விற்றவள் அவள். யாருக்குக் கதிரை போடுவார்கள், யாரை நிற்க வைப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவனைத் தேடப் போகலாம்.

அவன் இல்லவே இல்லை என்று முதலில் சொல்லவேண்டும்.

ரீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைய ஆங்கில வழக்குத்தொடர் அங்கே பெரிய எழுத்தில் இருந்தது. பேரம் படியாதபோது இருவரும் பாதி வழி வந்து சந்திப்பது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று காலையில் கேட்டபோது வகுப்பே கத்தியது: உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்! எல்லாரும் ஒன்றாய்ச் சிரித்தது அந்த ஓரிடத்தில்தான்.

"அன்ரி, ஒண்டு செய்வம். வெளியில ஆர் கேட்டாலும் ரெண்டு எண்டே சொல்லுங்கோ. வியாழக்கிழமை மட்டும் ஒண்டு. நீங்களும் கொஞ்சம் பாதி வழிக்கு வாங்கோ."

அவளும் பலகையைப் பார்த்தாள்.

"அப்ப ஒண்டரை எண்டு சொல்லட்டே?"

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

அவள் துணி அளக்கிற மாதிரி இடது கையை நீட்டினாள். வலது கை விரல்கள் இரண்டைக் கத்தரிக்கோலாக்கி, முழங்கைக்கு மேலே வைத்தாள்.

"எவடத்தில வெட்ட, பிள்ளை? தலைப்பக்கத்தை வைச்சிருக்கவோ, கால்பக்கத்தை வைச்சிருக்கவோ?"

குரல் உயரவில்லை. சந்தைக் குரல்கூட இல்லை.

"எத்தினையோ பேருக்கு விட்டுக் குடுத்தனான். முதலுக்குக் கீழ ஒருநாளும் இறங்கேல்லை."

ரீச்சரின் முகம் சிவந்தது.

"ரூல்ஸ் நான் போட்டதில்லை, அன்ரி."

"தெரியும். பாலத்தடியில நிண்டவனும் இதைத்தான் சொன்னவன்."

கீழே கடையில் யாரோ கருவாட்டுக்கு விலை கேட்பது மேலே கேட்டது.

ரீச்சர் ஸ்கார்ஃபை மறுபடி இறுக்கினாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள். கேள்வியைக் கேட்டாள்.

"டூ. வன் டோட்டர். வன் சன்."

பிறகு, கற்றுக்கொடுத்தபடியே முதுகை நிமிர்த்தி, அதிகாரியின் கண்ணை நேராகப் பார்த்து:

"ஹிஸ் நேம் இஸ் நிரோஜன்."

உட்காருமுன் தமிழில் சொன்னாள். "வியாழக்கிழமையும் இதுதான்."

ரீச்சர் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை.

தவராசா தானாகவே எழுந்தார்.

"நீங்கள் அப்பவே சொல்லீட்டீங்கள், அங்கிள்."

"பிழையாச் சொல்லிப்போட்டன், ரீச்சர். திரும்பக் கேளுங்கோ."

கேட்டாள்.

ஏதாவது பகிடி விடுவார் என்று வகுப்பு காத்திருந்தது.

அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

"ஃபோர்."