புலியின் கையெழுத்து

"தலைக்கு எட்டு லிட்டர் தண்ணி. இதுல பேரமே கிடையாது" என்று சொல்லி, பலகையில் பெரிதாக எழுதிக் கோடும் போட்டார் டிரில் டீச்சர்.

பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடந்த ஏழாவது ஆலோசனைக் கூட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் வந்திருக்கவில்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தால், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

இவர்கள் விளையாடுவது ஒரு புதையல் விளையாட்டு. யாரோ ஒருவர் தகரப் பெட்டி ஒன்றை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு, செயலியில் உள்ள வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். மற்றவர்கள் கைபேசியும் கையுமாகத் தேடிப் போய், பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பூங்கா பெஞ்சுக்கு அடியிலும் பாலத்துத் தூணுக்குப் பின்னாலும் தேடித் தேடியே டீச்சர், டாக்டர், மருந்துக் கடைக்காரர், கண்ணாடிக் கடைக்காரர் நால்வருக்கும் பொழுது இனிதே போய்க்கொண்டிருந்தது.

பாலைவனத்தின் நட்டநடுவில் இருக்கும் பெட்டி மட்டும் தனி ரகம். 'மணல் நரி' என்ற புனைபெயரில் யாரோ வைத்தது. இதுவரை அதைக் கண்டுபிடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். நம் கண்ணாடிக் கடைக்காரர். அன்றிலிருந்து அவருக்குப் 'புலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

புலி அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தது தன் வீட்டு சோபாவில். மூன்று வருடத்துக்கு முன்னால், கால் சுளுக்கிப் படுத்திருந்த ஒரு விடுமுறை நாளில், 'கண்டேன், கையெழுத்திட்டேன், கண் கலங்கினேன்' என்று செயலியில் எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் எவன் போய்ப் பார்க்கப் போகிறான் என்ற தைரியம். பாராட்டு குவியக் குவிய, பாம்பு ஒன்றும் புழுதிப் புயல் இரண்டும் கதையில் சேர்ந்துகொண்டன. டிரில் டீச்சர் என்று ஒருவர் படையோடு கிளம்புவார் என்று அவர் கனவா கண்டார்?

உண்மை தெரிந்தது அவர் மனைவிக்கு மட்டும்தான். "அந்த சோபாவையும் வண்டியில ஏத்திட்டுப் போங்க. இடத்தை அடையாளம் காட்ட வசதியா இருக்கும்" என்று காலையில்கூட வழியனுப்பிவைத்தார்.

பயணத்தை எப்படியாவது நிறுத்தப் புலி ஏழு கூட்டங்களாகப் படாத பாடு பட்டார். பாம்பு என்றார், டீச்சர் எல்லோருக்கும் முழங்கால் வரை பூட்ஸ் வாங்கிவிட்டார். வெயில் என்றார், மருந்துக் கடைக்காரர் அறுபது பொட்டலம் உப்புச் சர்க்கரைத் தூளைக் கொண்டுவந்து இறக்கினார். நல்லவேளையாகப் பல் டாக்டர் ஒருவராவது அவருக்கு ஒத்து ஊதினார். சூடான காற்றில் ஈறு வீங்கும், மணல் பட்டால் பல் தேயும், அடுத்த வருடம் பார்க்கலாமே என்று தன் பங்குக்கு முட்டுக்கட்டை போட்டபடியே இருந்தார். டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் புலிக்கு நெஞ்சு நிறைந்தது. ஆபத்துக்கு உதவும் மனுஷன்.

டீச்சர் எதற்கும் மசியவில்லை. வரும் சனிக்கிழமை கிளம்புவது உறுதி என்று அறிவித்துவிட்டு, ஒரு பையைத் திறந்து நாலு பனியன்களை எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் புலி முகம்.

"அங்க போனதும் முதல் வேலை, நோட்டைத் திறந்து அண்ணன் கையெழுத்துக்குப் பக்கத்துல நாம எல்லாரும் போடறோம். அதை அப்படியே நேரலையில காட்டறோம். எங்க ஸ்கூல்ல முந்நூறு பிள்ளைங்க பாக்கக் காத்திருக்காங்க, புலி அண்ணே."

புலி மனசுக்குள் கணக்குப் போட்டார். அந்த முந்நூறு பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கடையில்தான் கண்ணாடி வாங்குகிறார்கள். கையெழுத்து இல்லாத நோட்டை அத்தனை கண்ணும் பார்த்துவிட்டால், கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து, பல் பிடுங்கும் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. செயலியைத் திறந்து, முன்பின் தெரியாத அந்த மணல் நரிக்கு மளமளவென்று எழுதினார். நான் அங்கே போனதே இல்லை, எழுதியதெல்லாம் பொய். பெட்டியை எடுத்துவிட்டதாக நீங்கள் இன்றைக்கே ஒரு வரி அறிவித்தால் ஒரு குடும்பம் பிழைக்கும், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று முடித்து அனுப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது. பல் டாக்டர் உள்ளே வந்து, கதவைத் தாழ் போட்டார். அவர் கையில் இருந்த கைபேசித் திரையில் புலி எழுதியது வரிக்கு வரி அப்படியே இருந்தது.

புலி திருதிருவென்று விழித்தார். "மணல் நரி நீங்கதானா, டாக்டர்?"

டாக்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க. மானம் போயிடும். உங்க பெட்டிய எடுத்துட்டதா ஒரு வரி போட்டுடுங்க, போதும். ஆயுசுக்கும் உங்க வீட்டுக்குக் கண்ணாடி என் பொறுப்பு."

நோயாளிகளைச் சாய்த்துப் படுக்கவைக்கும் நாற்காலியில் டாக்டரே தொப்பென்று உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டின்னு ஒண்ணு இருந்தாத்தானே எடுக்கறதுக்கு? இதே நாற்காலியில உட்கார்ந்து, எவன் போய்ப் பாக்கப் போறான்னு வரைபடத்துல ஒரு புள்ளி வெச்சேன், அவ்வளவுதான். நீங்க கண்டுபிடிச்சேன்னு எழுதின நாள்லேர்ந்து, அங்க பெட்டிய வெச்சது யாருன்னு யோசிச்சு யோசிச்சு மூணு வருஷமா எனக்குத் தூக்கமே இல்ல, புலி."